எத்தனை ஆண்டு என்பதற்கு அப்பால்

அகழாய்வுச் செய்தி வெளியானதும் தமிழ்நாட்டில் முதலில் எழும் கேள்வி, எத்தனை ஆண்டு பழமை என்பதுதான். கீழடிக்கு கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்று 2019இல் அறிக்கை வந்தபோதும், இரும்பின் தொன்மை பற்றி 2025 ஜனவரியில் அறிவிப்பு வந்தபோதும் நாளிதழ்களின் தலைப்பை ஆண்டுக்கணக்கே பிடித்துக்கொண்டது. அந்த ஆர்வத்தை நான் குறை சொல்லவில்லை. இந்திய வரலாறு என்றாலே கங்கைக்கரை என்று படித்து வளர்ந்த தலைமுறைகளுக்கு இது தன்மானம் சார்ந்த விஷயம். ஆனால் காலம் தெரிந்த பிறகு கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. தோண்டப்பட்ட ஊரில் யார் யாரோடு சேர்ந்து வாழ்ந்தார்கள்? தானியக் குதிர் யார் வீட்டில் இருந்தது? ஊர் நடுவில் குடியிருந்தது யார், ஓரத்தில் இருந்தது யார்? செத்தவர்களில் யாருக்குக் கல்வட்டம், யாருக்கு வெறுங்குழி? இவை சமூகவியலின் கேள்விகள். இவற்றுக்கு விடை தேடுவதற்கான தடயங்கள் தொல்லியலாளரின் குழியில்தான் கிடக்கின்றன. இரண்டு துறைகளும் ஒன்றையொன்று தேடிப் போன வரலாறு நீளமானது. நம் நாட்டிலும் அதற்கு நல்ல முன்மாதிரி உண்டு.

புணே டெக்கான் கல்லூரி 1939இல் ஆய்வு நிறுவனமாக மீண்டும் திறக்கப்பட்டபோது ஹஸ்முக் சங்காலியா தொல்லியலுக்கும் இராவதி கார்வே சமூகவியலுக்கும் வந்து சேர்ந்தார்கள். ஜெர்மனியில் மனித எலும்புகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர் கார்வே. இந்திய உறவுமுறைகளைப் பற்றி 1953இல் அவர் எழுதிய நூல் இன்றும் பாடமாக இருக்கிறது. குஜராத்தின் லாங்நாஜ் மணல்மேட்டில் 1940களில் இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். நுண்கற்கருவிகளைச் சங்காலியா பார்த்தார். அவற்றோடு கிடைத்த எலும்புக்கூடுகளைக் கார்வே பார்த்தார். கருவியை மட்டும் பார்த்திருந்தால் அது ஒரு பண்பாட்டின் பெயராக நின்றிருக்கும். எலும்பும் சேர்ந்ததால் வேட்டையாடி வாழ்ந்த ஒரு மக்கள் கூட்டத்தைப் பற்றிப் பேச முடிந்தது.

அந்தக் கல்லூரியின் பெரிய சாதனை என்று நான் கருதுவது இனாம்காவ். புணே மாவட்டத்தில், பீமாவில் கலக்கும் கோட் ஆற்றின் கரையிலுள்ள ஊர் அது. சங்காலியாவும் எம்.கே. தவலிகரும் இசட்.டி. அன்சாரியும் 1968 முதல் 1983 வரை பருவந்தோறும் அங்கே தோண்டினார்கள். ஏறத்தாழ கி.மு. 1600 முதல் 700 வரை மக்கள் தொடர்ந்து குடியிருந்த இடம். நம் அகழாய்வுகளில் பெரும்பாலும் பத்துக்குப் பத்து மீட்டர் குழிகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போட்டு, மண்ணடுக்குகளைப் பதிந்துகொண்டு மூடிவிடுவது வழக்கம். ஊரின் வயது அதில் தெரிந்துவிடும், ஊர் தெரியாது. இனாம்காவில் பரப்பை அகலமாகத் திறந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளின் தரைகள் வெளிப்பட்டன. அடுப்பு இருந்த மூலை, குதிர் நின்ற இடம், வீட்டுக்கு வீடு இருந்த இடைவெளி எல்லாம் கண்ணில் பட்டன. வாற்கோதுமை விளைத்திருக்கிறார்கள், கரை கட்டி வாய்க்கால் வெட்டி நீர் கொண்டுவந்திருக்கிறார்கள். குழந்தைகள் இறந்தால் இரண்டு தாழிகளை வாயோடு வாய் சேர்த்துக் கிடத்தி, அவற்றுக்குள் வைத்து வீட்டுத் தரைக்கு அடியிலேயே புதைத்தார்கள். பெரியவர்களை வடக்கே தலைவைத்து நீட்டிப் படுக்கவைத்தார்கள். அவர்களில் பலருக்குக் கணுக்காலுக்குக் கீழே பாதங்கள் வெட்டப்பட்டிருந்தன.

ஊர் நடுவே ஐந்து அறை கொண்ட ஒரு வீடு. அதையொட்டித் தானியக் களஞ்சியம். அந்த வீட்டின் முற்றத்தில் நான்கு கால் வைத்த ஒரு பெரிய மண்தாழி. அதற்குள் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆண், சம்மணமிட்டு உட்கார்ந்த நிலையில். அவன் பாதங்கள் வெட்டப்படவில்லை. பெரிய வீடு, களஞ்சியம், தனிப்பட்ட அடக்கம் என்ற மூன்றையும் ஒருசேர வைத்து, அவனை ஊர்த் தலைவன் என்றும் அந்தச் சமூகத்தைத் தலைமை தோன்றிவிட்ட சமூகம் என்றும் தவலிகர் முடிவுகட்டினார். செத்தவருக்குச் செலவிடப்பட்ட உழைப்பு உயிரோடிருந்தபோது அவருக்கிருந்த தகுதியைக் காட்டும் என்பது 1970களின் தொடக்கத்தில் ஆர்தர் சாக்ஸும் லூயிஸ் பின்ஃபோர்டும் வாதிட்ட கருத்து. அந்தக் காலத்து ஆய்வுகள் பலவற்றின் அடியில் அது ஓடுகிறது. என் பார்வையில் இனாம்காவ் முடிவு வலுவானதுதான். சாவுச் சடங்கை மட்டும் நம்பியிராமல் குடியிருப்பும் தானியமும் அதற்குச் சாட்சி சொல்கின்றன.

ஆனால் அதே ஊரில் இன்னொரு செய்தி இருக்கிறது. அதைப் படிக்கும்போது நிதானம் வேண்டும். வசதியான உழவர்களின் வீடுகள் நடுவில் இருந்தன. குயவர், பொற்கொல்லர், தந்தவேலை செய்தவர் ஆகியோரின் வீடுகள் மேற்கு ஓரத்தில் இருந்தன. சாதிக்கொரு தெரு என்ற நம் ஊர் அமைப்பை அறிந்தவர்கள் இதைப் பார்த்ததும் சாதியின் வேர் இங்கேயே இருக்கிறது என்று சொல்லத் துடிப்பார்கள். சூளை வைப்பவர் கூரை வீடுகளுக்கு நடுவே நெருப்பு மூட்ட மாட்டார் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஓரத்தில் குடியிருப்பது தொழிலின் தேவையால் நேர்ந்ததா, இழிவாகக் கருதி ஒதுக்கியதால் நேர்ந்ததா என்பதை வீட்டின் இருப்பிடம் மட்டும் சொல்லாது. ஓரத்து வீடுகளில் என்ன சாப்பிட்டார்கள், அங்கே இறந்த குழந்தைகளுக்கும் அதே இரட்டைத் தாழி கிடைத்ததா, எலும்பில் ஊட்டக்குறைவு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒதுக்கல் என்பது உணவு, மணஉறவு, நீர்த்துறை, சுடுகாடு ஆகிய எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் இயங்கும் என்று சமூகவியல் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. ஆகவே தடயத்தையும் எல்லாவற்றிலும் தேடவேண்டும். இனாம்காவின் பிற்காலக் கட்டத்தில் வேளாண்மை நலிந்து, செவ்வக வீடுகள் போய்ச் சிறு வட்டக் குடிசைகள் வந்தன. அந்தக் காலக் குழந்தைகளின் எலும்புகளில் வளர்ச்சி குன்றியிருந்ததை க்வென் ராபின்ஸ் ஷூக் பின்னாளில் ஆராய்ந்து நூலாக்கினார். சமூகம் நொடித்தபோது முதலில் அடிபட்டவர்கள் யார் என்பதை அந்தச் சிறு எலும்புகள் காட்டிக்கொடுக்கின்றன.

உறவுமுறை பற்றிய ஊகங்களும் இப்படித்தான் சோதனைக்கு உள்ளாகின்றன. துருக்கியின் சாத்தல்ஹூயூக் ஒன்பதாயிரம் ஆண்டுக்கு முந்தைய குடியிருப்பு. தெருவே கிடையாது, வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியிருக்கும், கூரைவழி ஏணியில் இறங்கித்தான் உள்ளே போக முடியும். செத்தவர்களை வீட்டுத் திண்ணைக்கு அடியில் புதைத்தார்கள். ஒரு வீட்டில் புதைக்கப்பட்டவர்கள் ஒரே குடும்பத்தார் என்று எவரும் நினைப்பதுபோலத்தான் ஆய்வாளர்களும் நினைத்தார்கள். ஐயன் ஹாடர் தலைமையில் 1993 முதல் கால் நூற்றாண்டு நடந்த அகழாய்வின் பயனாக, 2011இல் பற்களின் அளவுகளை ஒப்பிட்ட மரின் பிலவுடும் கிளார்க் லார்சனும் அப்படி இல்லை என்று காட்டினார்கள். 2025இல் வெளியான மரபணு ஆய்வு இன்னும் நுட்பமாகப் போயிற்று: தொடக்கக் காலத்தில் ஒரே வீட்டில் கிடந்தவர்களிடையே தாய்வழி உறவு தெரிகிறது, பிற்பாடு இரத்த உறவு தளர்கிறது. உறவு என்பதைப் பிறப்பு மட்டும் தீர்மானிப்பதில்லை, சேர்ந்து உண்பதும் வளர்ப்பதும்கூடத் தீர்மானிக்கும் என்று மானிடவியலும் சமூகவியலும் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன. அந்தப் பாடம் தெரியாதவர் கையில் மரபணு முடிவு வெறும் அட்டவணையாக நின்றுவிடும்.

தொல்லியல் மட்டுமே கடன் வாங்குகிறது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் டூசான் நகரில் 1973இல் தொல்லியலாளர் வில்லியம் ராத்ஜே வீட்டுக் குப்பையை ஆராயத் தொடங்கினார். பயன்படுத்தியது அகழாய்வு முறையேதான்: வகை பிரித்தார், எடைபோட்டார், பதிவு செய்தார். வாசலில் நின்று கேட்டபோது குடிப்பதைப் பற்றி மக்கள் சொன்ன கணக்கைவிடத் தொட்டியில் கிடந்த பீர்ப் புட்டிகள் அதிகம். மாட்டிறைச்சி தட்டுப்பாடான மாதங்களில் இறைச்சி வீணாவது குறையும் என்று நாம் எதிர்பார்ப்போம், கூடியிருந்தது. பதற்றத்தில் கண்டதை வாங்கிக் குவித்தார்கள், பிறகு கெட்டுப்போனதும் எறிந்தார்கள். கேள்வித்தாளை மட்டும் நம்பும் சமூக ஆய்வுக்கு அது கொடுத்த அதிர்ச்சி பெரியது. நம் நாட்டில் உணவுப் பழக்கம் பற்றிய கணக்கெடுப்புகளில் மக்கள் எதைச் சொல்லத் தயங்குகிறார்கள் என்பதை யோசித்தால் ராத்ஜேயின் வழி நமக்கும் எவ்வளவு தேவை என்பது விளங்கும்.

தோண்டப்படும் கடந்த காலம் யாருக்கு உரியது என்ற கேள்வியை நியூயார்க் எழுப்பியது. 1991இல் மன்ஹாட்டனில் அரசு அலுவலகக் கட்டடத்துக்கு அடித்தளம் வெட்டும்போது ஆப்பிரிக்க அடிமைகளின் பழைய இடுகாடு வெளிப்பட்டது. எலும்புகள் அவசரமாக அள்ளப்படுவதைக் கண்டு கறுப்பின மக்கள் கொதித்தெழுந்தார்கள். ஆய்வுப் பொறுப்பு ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கும் மானிடவியலாளர் மைக்கேல் பிளேக்கிக்கும் போனது. என்ன கேள்விகளைக் கேட்பது என்பதையே வழித்தோன்றல் சமூகத்தோடு கலந்து பேசித்தான் முடிவு செய்தார் அவர். எங்கிருந்து வந்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள், எப்படி எதிர்த்து நின்றார்கள் என்று மக்கள் கேட்டார்கள். 419 பேரின் எலும்புகள் ஆராயப்பட்டன. அவர்களில் குழந்தைகள் கிட்டத்தட்டப் பாதி. பெரியவர்களின் எலும்புகளில் அளவுமீறிச் சுமை தூக்கிய தழும்புகள் இருந்தன. வடக்கு மாநிலங்களில் அடிமைமுறை பெரிதாக இல்லை என்று வளர்த்து வந்த பொய் அந்த எலும்புகளின் முன்னால் நிற்கவில்லை. 2003இல் அவர்கள் அனைவரும் உரிய மரியாதையோடு அதே இடத்தில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டார்கள்.

தமிழகத்துக்கு வருவோம். நம்மிடம் மற்ற பல நாடுகளுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது: பல்லாயிரக்கணக்கான கல்வெட்டுகள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் கொடுத்த ஊர்களில் வரி நீக்கப்பட்ட நிலங்களைச் சொல்லும் கல்வெட்டில் ஊர்நத்தம், குளம், வாய்க்கால் ஆகியவற்றோடு கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு என்று வருகிறது. எழுதியவருக்கு அது வரிக்கணக்கு. நமக்கு அது ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஊரின் சமூக வரைபடம். ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு காவிரிக்கரை ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டு, ஒன்றில் நிலம் ஊராரின் பொதுவாகவும் பிராமணர்களுக்குக் கொடையாக விடப்பட்ட பிரமதேயமான மற்றதில் தனியார் உடைமையாகவும் இருந்ததைக் காட்டினார். எ. சுப்பராயலுவோடு சேர்ந்து சோழர் கல்வெட்டுகளின் ஆட்பெயர்களைத் தொகுத்து 1978இல் வெளியிட்டதும் சமூக வரலாற்றுக்குக் கிடைத்த பெரிய கொடை.

கல்வெட்டாய்வு எட்டிய இந்த இடத்தை அகழாய்வு இன்னும் எட்டவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். தொடக்கம் நல்ல தொடக்கம்தான். நொய்யல் கரைக் கொடுமணலில் கா. ராஜனும் சுப்பராயலுவும் வாழ்விடத்தையும் ஈமக்காட்டையும் சேர்த்தே தோண்டினார்கள். மணி அறுத்துத் துளையிட்ட பட்டறைகளும் இரும்பு உலைகளும் வெளிப்பட்டன. ஒரு கல்லறையில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. அந்த மணிகளைத் துளையிட்டவரும் அவற்றோடு புதைக்கப்பட்டவரும் ஒரே கூட்டத்தாரா என்பது இன்னும் ஆழமாகக் கேட்கப்பட வேண்டிய கேள்வி. கீழடிப் பானையோடுகளில் ஆதன், குவிரன் என்று பெயர்கள் இருக்கின்றன. சுட்ட பானைமீது பிற்பாடு கீறிய எழுத்தைக் குயவர்தான் எழுதினார் என்று சொல்ல முடியாது. அப்படியானால் வீட்டாரா, வணிகரா, ஆணா, பெண்ணா? எழுத்து எல்லாருக்கும் பொதுவாக இருந்தது என்று மேடையில் முழங்குவதற்கு முன்னால், எந்த வகை வீட்டுத் தரைகளில் எழுத்துள்ள ஓடு கிடைக்கிறது, எதில் கிடைக்கவில்லை என்ற கணக்கு வேண்டும். கோயில் கிடைக்கவில்லை என்பதை வைத்துக்கொண்டு ஏற்றத்தாழ்வு இல்லாத சமூகம் என்று முடிவுக்குத் தாவுவதையும் நான் ஏற்கமாட்டேன். அப்படி ஒரு சமூகம் இருந்திருக்க வேண்டும் என்று நாம் ஆசைப்படுவது நல்ல ஆசைதான். ஆசை சான்றாகிவிடாது.

குழியில் இறங்கி வேலை செய்பவர்களைப் பற்றியும் இங்கே பேசியாக வேண்டும். அகழாய்வுக் குழிகளில் கொத்தும் சட்டியுமாக உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பகுதி சுற்றுவட்டாரப் பெண்கள். மண்ணின் நிறம் மாறுவதை முதலில் காண்பது அவர்கள் கண்தான். ஈமக்காட்டுக் கல்லறைகளைப் பாண்டவர் குழி என்று மக்கள் அழைத்து வருவதும், சில மேடுகளில் ஏர் ஓட்டாமல் விட்டு வைத்திருப்பதும், எந்தத் திடலுக்கு யார் பொங்கல் வைக்கிறார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். இவையெல்லாம் களக்குறிப்பேட்டில் ஏற வேண்டிய தரவுகள். அழகர் கோயிலை முன்வைத்துத் தொ. பரமசிவன் செய்த ஆய்வைப் படித்தவர்களுக்கு, ஓர் இடத்தின் கல்லும் அதைச் சுற்றி வாழும் சாதிகளின் உரிமையும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று தனியே சொல்லத் தேவையில்லை.

தொல்லியல் துறையிடமும் பல்கலைக்கழகங்களிடமும் நான் வேண்டுவது மூன்று. ஒவ்வோர் அகழாய்வுக் குழுவிலும் ஒரு சமூகவியலாளரோ மானிடவியலாளரோ முதல் நாளிலிருந்து இருக்க வேண்டும். குழிகளைச் சிதறப் போடுவதோடு நில்லாமல், ஓர் ஊரையாவது இனாம்காவ் போல அகலத் திறக்க வேண்டும். நாம் தேர்ந்தெடுக்கும் இடங்கள் பெரும்பாலும் கோட்டை, துறைமுகம், தலைநகர், ஈமக்காடு என்றே இருக்கின்றன. அடுத்த பருவத்துக்கு இடம் குறிக்கும்போது, இராசராசன் கல்வெட்டுச் சொல்லும் சேரிகளில் ஒன்றின் பழைய நத்தத்தை, இன்று அங்கே குடியிருப்பவர்களின் ஒப்புதலோடும் பங்கேற்போடும் தோண்டுங்கள்.