வார்த்திகன் வழக்கு

கோவலன் கொலையுண்டதற்குப் பொற்கொல்லன் வஞ்சகமே காரணம் என்று காட்டி அமைவது பள்ளி மேடைக் கண்ணகி நாடகங்களின் வழக்கம். சிலப்பதிகாரத்தை அங்ஙனம் படிப்பது போதாது. அரசையும் அரச ஊழியரையும் அளந்து பார்க்க இளங்கோவடிகளே கட்டுரை காதையில் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார். அதுவே வார்த்திகன் வழக்கு.

தங்கால் என்னும் ஊரில் வாழ்ந்த அந்தணன் வார்த்திகன். அவன் மகன் தட்சிணாமூர்த்தி, மழலை மாறாத சிறுவன். அச்சிறுவன் மறையோதிய திறங்கண்டு மகிழ்ந்த பராசரன் என்பான், தன் அணிகலன்களை அவனுக்கு அளித்துச் சென்றான். எளியவர் வீட்டில் பொன் மின்னக் கண்ட அரச ஊழியர், புதையலைக் கவர்ந்தான் என்று தந்தையைச் சிறையிட்டனர். மனைவி கார்த்திகை நிலத்தில் புரண்டு அழுதாள். கொற்றவை கோயிற் கதவு திறவாதாயிற்று. அஞ்சிய பாண்டியன், முறை தவறியது எங்கே என்று ஏவலரை வினவி உண்மை அறிந்தான். வார்த்திகனை விடுவித்து, தன் ஆட்சியின் பிழையைப் பொறுக்குமாறு வேண்டி, தங்காலும் வயலூரும் அளித்து, நிலத்தில் விழுந்து வணங்கினான். அத்துடன் விட்டானில்லை. பிறர் கொடுத்த பொருள் பெற்றவர்க்கும், புதையல் கண்டெடுத்தவர்க்கும் உரியதென யானைமேல் முரசறைவித்தான். ஊழியர் எந்தச் சாக்கைக் கொண்டு குடிகளை வருத்தினரோ, அந்தச் சாக்கையே ஒழித்துவிட்டான்! அரசன் செய்த செயல்களுள் இதுவே பெரிது.

மதுராபதித் தெய்வம் இதனைக் கண்ணகிக்குச் சொல்வது பாண்டியர் கோல் வளையாதது என்று நிறுவுதற்கு. ஆயினும் இச்சாட்சி பாண்டியன் நெடுஞ்செழியனுக்குப் பாதகமாகவே முடிகிறது. வார்த்திகன் சிறையில் உயிரோடிருந்தான். பிழையைத் திருத்த நேரம் இருந்தது. கோவலனுக்கு அது கிடைக்கவில்லை. தேவியின் ஊடல் தீர்க்க விரைந்தவன் வாயிற் பிறந்த ஆணை அது. கோவலன் முகத்தைக் கண்ட காவலர், இவன் கள்வனல்லன் என்றே எண்ணினர். அந்த ஐயத்தை அரசனிடம் கொண்டுசெல்ல ஒருவரும் துணியவில்லை. பொற்கொல்லன் களவுநூல் பேசி அவர்கள் வாயை அடைத்தான். குடித்திருந்த ஒருவன் வாள் வீசினான்.

எகிப்தியரிடமும் இதையொத்த கதை ஒன்றுண்டு. ஏறத்தாழ 3,800 ஆண்டுப் பழமையது. கழுதைகளில் சரக்கேற்றி வந்த குடியானவனை வழிமறித்துப் பறித்தான் நெம்திநக்து என்னும் சிற்றதிகாரி. மேலதிகாரி ரென்சியிடம் குடியானவன் ஒன்பது முறை முறையிட்டான். அவன் சொல்வன்மையைக் கேள்வியுற்ற அரசன், பேச்சு முழுவதையும் எழுதிக்கொள்வதற்காக, விடை கூறாது காலந்தாழ்த்தப் பணித்தான். மறைவாக உணவு அனுப்பியது உண்மையே. இடையில் அவன் சவுக்கடி பட்டதும் உண்மை. இறுதியில் நெம்திநக்துவின் உடைமைகள் அவனைச் சேர்ந்தன.

கண்ணகியோ ஒரே முறைதான் பேசினாள். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும் பாண்டியன் பொற்கொல்லனைத் தேடவில்லை, காவலரை ஏசவில்லை. கள்வன் தானே என்று சொல்லி வீழ்ந்தான். எகிப்தியக் கதையில் அரசன் ஓரிடத்தும் நாணவில்லை.