விடாக்கண்டன் கிளட்ச்

1932 ஃபோர்டு ரோட்ஸ்டர் ஒன்றின் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, அதன் கிளட்ச் ஏன் விட மாட்டேன் என்கிறது என்று துப்புத் துலக்கும் சுகம் இருக்கிறதே, அதற்கு ஈடாக இந்தத் தெற்கு கலிபோர்னியாவில் எனக்கு வேறொன்றும் அகப்படவில்லை. டிஸ்னிலேண்டுக்கும் போனேன். பரவாயில்லை ரகம்தான்.

கார் என்னுடையதல்ல, பக்கத்து வீட்டுப் பெரியவருடையது. ஹாட் ராட். பழைய வண்டியை வாங்கி, மட்கார்டு உட்பட வேண்டாததையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, பெரிய எஞ்சினைத் திணித்து, வீட்டு கராஜிலேயே கட்டி எழுப்புகிற பித்துக்கு இங்கே அதுதான் பெயர். பித்து வளர்ந்த இடமும் இதுதான். 1930களில் மியூராக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் பையன்கள் இப்படிக் கட்டிய வண்டிகளை விரட்டி வேகம் பார்த்தார்கள். அந்தப் பந்தயங்களை ஒழுங்குபடுத்த 1937-இல் ஒரு சங்கமே வைத்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த வரப்பிரசாதம் 1932 ஃபோர்டு. 221 கன அங்குல வி8 எஞ்சின், 65 குதிரைத்திறன், அதுவும் நடுத்தரக் குடும்பம் எட்டிப் பிடிக்கிற விலையில்! ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ படத்தில் ஊரைச் சுற்றிவரும் மஞ்சள் கார்கூட அந்த வருட மாடல்தான்.

பெரியவரின் வண்டியில் ஃபோர்டின் உடம்பு மட்டும்தான் ஃபோர்டு. எஞ்சின் செவ்ரலே 350. கியர் பாக்ஸ், ஐந்து கியர் கொண்ட போர்க்-வார்னர் டி-5. பிரஷர் பிளேட் ஒரு கடையில், ரிலீஸ் பேரிங் இன்னொரு கடையில். பெடலும் அதைத் தாங்கும் பிராக்கெட்டும் அவரே வெல்டு வைத்துச் செய்தவை. முன்பின் பார்த்திராத இரண்டு குடும்பங்களை ஒரே பந்தியில் உட்கார வைத்த மாதிரி! கம்பெனியில் செய்து வந்த காரில் கிளட்ச் தகராறு என்றால், தேய்ந்தது எது என்று பார்த்தால் போதும். என்றைக்கோ ஒருநாள் அது ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. இந்த வண்டியிலோ கிளட்ச் ஒருநாளும் விட்டதே கிடையாது. தேய்ந்ததைத் தேடிப் பயனில்லை, பொருந்தாததைத் தேட வேண்டும். அளவு ஒவ்வொன்றையும் சந்தேகப்படலாம். எனக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது.

நோய் இதுதான்: எஞ்சின் ஓடும்போது கிளட்சைத் தரையோடு தரையாக மிதித்தாலும் முதல் கியர் முரண்டு பிடிக்கும். எப்படியோ விழுந்துவிட்டால் பெடலில் கால் இருக்கும்போதே வண்டி மெல்ல நகரும். ரிவர்ஸ் போட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும் அலறல். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, “கியர் பாக்ஸை இறக்கு.” இந்த அறிவுரையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இறக்குவது ஒரு நாள் வேலை, ஏற்றுவது ஒன்றரை நாள் வேலை. இறக்கிய பிறகு எல்லாம் பளிச்சென்று சரியாகத் தெரியும். குற்றவாளி வெளியே நின்று சிரித்துக்கொண்டிருப்பான்.

இறக்காமலே எவ்வளவு கண்டுபிடிக்க முடியும் என்பதுதான் இதில் அபாரம். பின் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கியரில் போட்டு, பெரியவரைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு, ப்ரொபெல்லர் ஷாஃப்டைக் கையால் திருகினேன். அசையவில்லை. பெல் ஹவுசிங்கின் கீழ் மூடித் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்தேன். கிளட்ச் விடும்போது டிஸ்க்குக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவே இடைவெளி தெரிய வேண்டும். ஒரு மில்லிமீட்டர்கூட வேண்டாம், அதற்குக் குறைவாக இருந்தாலே போதும். இங்கே மிக மெல்லிய ஃபீலர் கேஜ்கூட நுழையவில்லை. இடைவெளி இருந்தும் கியர் அலறியிருந்தால் பைலட் புஷ் மீதோ ஸ்ப்ளைன் மீதோ சந்தேகம் போயிருக்கும். இடைவெளியே இல்லை என்றால் பிரஷர் பிளேட்டின் விரல்களை ரிலீஸ் பேரிங் போதுமான தூரம் தள்ளவில்லை என்று அர்த்தம்.

அடுத்து காற்று. மிதிப்பை மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஸ்லேவ் சிலிண்டருக்கு ஆயில் மூலம் கடத்தும் ஹைட்ராலிக் கிளட்ச் இது. ஹைட்ராலிக் என்றாலே முதல் பழி காற்றின் மேல்தான் விழும். பெடலைப் படபடவென்று பலமுறை அடிக்கச் சொன்னேன். குழாயில் காற்று இருந்தால் அடிக்க அடிக்கக் கொஞ்சம் தேறும். தேறவில்லை. ஸ்லேவ் சிலிண்டரில் ஏர் எடுக்கும் திருகு மேல்பக்கமாகத்தான் இருந்தது. அது கீழே பார்த்தபடி மாட்டியிருந்தால் எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றினாலும் காற்று மேலே சொகுசாக உட்கார்ந்திருக்கும். காற்றுக்கு விடுதலை.

இப்போது கணக்கு. ஆஹா, கணக்கு! பெடலின் நுனி 150 மில்லிமீட்டர் இறங்குகிறது. பெடலின் நெம்புகோல் விகிதம் ஆறுக்கு ஒன்று. ஆக மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் 25 மில்லிமீட்டர் போக வேண்டும். மாஸ்டரும் ஸ்லேவும் ஒரே முக்கால் அங்குல உள்விட்டம் என்பதால், ஸ்லேவின் தள்ளுகம்பியும் அதே 25 நகர வேண்டும். வெர்னியரை வைத்தேன். 17. எட்டு மில்லிமீட்டரைக் காணோம்! ஆயில் எங்கும் கசியவில்லை. காற்றும் இல்லை. மாஸ்டரின் தள்ளுகம்பியில் விட்டிருந்த தளர்வு ஒன்றரை மில்லிமீட்டர். மிச்சம் எங்கே போச்சு?

இந்த இடத்தில் ஊரார் சொல்லும் குறுக்கு வைத்தியம், மாஸ்டரைப் பெரிதாக்கு என்பது. முக்கால் அங்குலத்துக்குப் பதில் 7/8 போட்டால் அதே மிதிக்கு 36 சதவீதம் கூடுதல் ஆயில் போகும். ஆனால் பெடலும் அதே அளவுக்குக் கனத்துவிடும். சிக்னலுக்குச் சிக்னல் முழங்கால் அழும்.

நான் மாஸ்டர் சிலிண்டர் மேல் கையை வைத்துக்கொண்டு, “மிதியுங்கள்” என்றேன். கைக்குள்ளேயே சிலிண்டர் நழுவிப் போனது! பழைய ஃபோர்டு பாணியில் பெடல் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. மாஸ்டர் சிலிண்டர் சேஸிஸ் சட்டத்தில் வெல்டு வைத்த ஒரு மூன்று மில்லிமீட்டர் தகட்டில் தொங்குகிறது. காலில் 15 கிலோ கொடுத்தால் தள்ளுகம்பியில் 90 கிலோ விழும். அந்த 90 கிலோவுக்குத் தகடு வளைகிறது. பிஸ்டன் உள்ளே போவதற்குப் பதிலாக சிலிண்டரே முன்னால் ஓடுகிறது, கம்பி அதைத் துரத்துகிறது. காந்த அடியுள்ள டயல் கேஜை ஒட்டி மறுபடி மிதிக்கச் சொன்னேன். முள் சுற்றிப் போய் ஆறரையில் நின்றது, காலை எடுத்ததும் சமர்த்தாகப் பூஜ்யத்துக்கு வந்தது. ஆறரையும் ஒன்றரையும் எட்டு! கார் அடியில் படுத்தபடியே கத்திவிட்டேன். 7/8 மாஸ்டர் போட்டிருந்தால் தகடு இன்னும் அதிகமாக வளைந்திருக்கும் என்பதை நினைத்து இன்னொரு முறை சிரித்தேன். மிதிப்பவருக்கு அடியில் நடப்பது தெரியாது, அடியில் இருப்பவருக்கு மிதிக்கக் கால் எட்டாது. தனியாளாகக் கார் கட்டுகிறவர் கண்ணில் இது படாமல் போனதில் வியப்பில்லை.

வைத்தியம் சின்னதுதான். முக்கோணமாக வெட்டிய ஆறு மில்லிமீட்டர் தகடு ஒன்றைப் பிராக்கெட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே முட்டுக்கொடுத்து பெரியவர் வெல்டு வைத்தார். என்னமாய் வெல்டு! சீராக அடுக்கிய அலை அலையாக ஓடியது. ஸ்லேவ் இப்போது 23 நகர்ந்தது. ஃபீலர் கேஜ் தாராளமாக நுழைந்தது. இந்த டி-5-இல் ரிவர்ஸுக்கு சின்க்ரோமெஷ் கிடையாது, அதனால் கிளட்ச் கொஞ்சம் இழுத்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். மிதித்து, சில நொடி பொறுத்து, போட்டார். சத்தமே இல்லாமல் விழுந்தது. அளவுக்கு மீறித் தள்ளினால் டயஃப்ரம் ஸ்பிரிங் கெட்டுவிடும் என்பதால், பெடலுக்கு அடியில் ஒரு தடுப்பு போல்ட்டும் லாக் நட்டும் வைத்தோம்.

சாயங்காலம் ஃபுட்ஹில் பூல்வார்டில், அதாவது பழைய ரூட் 66-இல், கிளேர்மான்ட் வரை ஒரு சவாரி. சிவப்பு விளக்கு விழுந்தால் சந்தோஷப்பட்ட ஓட்டுநரை அன்றுதான் பார்த்தேன். பச்சையாக இருந்த இடத்தில்கூட பெரியவர் மெதுவாக்கி, மஞ்சள் வருமா என்று பார்த்தார். பின்னால் வந்தவர் ஹாரன் அடித்தார். இவர் கிளட்சை மிதித்து, முதல் கியர் போட்டு, எடுத்து, மறுபடி போட்டு எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.