கோழித் திருடன் வராதிருந்தால்?

கார்ட்டூன் படக் கலைக்கு 'அனிமேஷன்' என்று பெயர். 'அனிமா' என்னும் இலத்தீன் சொல்லுக்கு உயிர், ஆன்மா என்று பொருள். அசையாத கோட்டுக்கு உயிர் கொடுக்கும் அக்கலையை இந்தியாவில் வளர்த்தவர்களுள் முதன்மையானவர் ராம் மோகன் (1931–2019). 1956-இல் பம்பாய் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார். அங்கே பயிற்சி தந்தவர், டிஸ்னி கூடத்திலிருந்து வந்த கிளேர் வீக்ஸ். (மறைபரப்புப் பணியாளரின் மகனாக இந்தியாவிலேயே பிறந்த அமெரிக்கர் இவர்!)

அக்குழு ஜாதகக் கதையொன்றைத் தழுவி 1957-இல் 'தி பனியன் டியர்' படத்தை எடுத்தது. கதை நம்முடையது, சாயலோ டிஸ்னியுடையது. சீனத்தில் தே வெய், தம் நாட்டு மைத்தூரிகை ஓவியத்தையே அசையவைத்து, தாயைத் தேடும் தவளைக் குஞ்சுகளின் கதையை 1960-இல் படமாக்கினார். அத்தகைய தனிமுத்திரையை ராம் மோகனிடம் தேடுவோர் ஏமாறுவர். வேண்டியவருக்கு வேண்டியபடி வரைந்து கொடுத்த தொழிலாளி அவர். சத்யஜித் ராயின் 'சத்ரஞ்ச் கே கிலாடி'யில் (1977) வரும் கார்ட்டூன் பகுதி அவர் கைவண்ணமே. ஜப்பானியரோடு சேர்ந்து உருவாக்கி 1992-இல் முடித்த இராமாயணப் படம் 2025-இல் தமிழ்க் குரலோடு திரையரங்குகளுக்கு வந்தது. பலரும் போற்றுவது அதனையே.

எனக்கோ 'மீனா' போதும். தெற்காசியச் சிறுமியரின் நிலையை எடுத்துரைக்க 1990-களில் யுனிசெப் வெளியிட்ட குறும்படங்களின் நாயகி இவள். இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம் என எந்த நாட்டவரும் 'இவள் எங்கள் வீட்டுப் பெண்' என்று சொல்லும்படி அவளுக்கு முகமும் உடையும் அமைத்தார் ராம் மோகன். தனிமுத்திரை இல்லாத கைதான் இதற்கு ஏற்றது போலும்.

ஒரு படத்தில் மீனாவைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அவளுடைய கிளி மித்து பள்ளிக்குச் சென்று, கேட்டதை வந்து சொல்ல, அவள் எண்ணக் கற்கிறாள். கோழிகளை எண்ணுகிறாள், ஒன்று குறைகிறது, திருடன் பிடிபடுகிறான். தந்தை மனம் மாறிப் பள்ளிக்கு அனுப்புகிறார். குழந்தைகள் கைதட்டும் இடம் இது. எனக்கு உறுத்தும் இடமும் இதுவே. திருடன் வராதிருந்தால் அவள் கல்வி என்னாகியிருக்கும்? பயன் தந்தால்தான் பெண்ணுக்குப் படிப்பா? இறைச்சாயலாகப் படைக்கப்பட்ட பிள்ளை தன் தகுதியை ஒரு கோழியைக் கொண்டா மெய்ப்பிக்க வேண்டும்?

மாம்பழத்தைப் பங்கிடும் கதை இதனினும் ஆழமானது. தம்பி ராஜுவுக்குப் பெரிய துண்டு, மீனாவுக்குச் சிறியது. இருவரும் ஒருநாள் வேலையை மாற்றிக்கொள்கின்றனர். அக்காளின் பாரத்தை ராஜு தன் உடம்பாலேயே அறிகிறான். இங்கே திருடனும் இல்லை, தற்செயலும் இல்லை. இனயம் கடற்கரை வீடுகளில் மாம்பழத்துக்குப் பதிலாக மீன்குழம்பின் நடுத்துண்டை வைத்துப் பாருங்கள். கதையில் வேறொன்றும் மாற்ற வேண்டியதில்லை. நம் மறைக்கல்வி வகுப்புகளில் இரண்டையும் காட்டலாம். மாம்பழக் கதைக்குப் பெற்றோரையும் உடன் அமர்த்துவது நன்று.