‘தி தேர்ட் மேன்’: குழந்தைகளுக்கு எட்டாத மருந்து

நோயுற்ற குழந்தையை ஏந்திவரும் படைவீரன் போர்ப்படங்களில் பழகிப்போன காட்சியாகும். கிரகாம் கிரீன் எழுதிக் கரோல் ரீட் இயக்கிய ‘தி தேர்ட் மேன்’ (1949) அதனைத் தவிர்க்கிறது. களம், போருக்குப் பிந்திய வியன்னா. ஹாரி லைம் விற்ற கலப்படப் பென்சிலினால் சிதைந்த குழந்தைகளைக் காண, அவன் நண்பன் மார்ட்டின்ஸைப் பிரித்தானிய மேஜர் காலவே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறார். குழந்தைகளின் முகங்கள் காட்டப்படுவதில்லை. செவிலி அகற்றும் கரடிப் பொம்மையே மரணத்தை உணர்த்துகிறது. இவ்வடக்கம் பாராட்டத்தக்கது.

ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. பென்சிலின் இராணுவ மருத்துவமனைகளுக்கு மட்டுமே வழங்கப்பட்டதைக் கிரீனின் குறுநாவல் (1950) தெளிவாகக் கூறுகிறது. அத்தட்டுப்பாட்டிலேயே கள்ளச்சந்தை பிறந்தது. லைமைத் தண்டிக்கும் படம், மருந்தைப் பூட்டிவைத்த ஏற்பாட்டை வினவவில்லை. காலவேயின் இரக்கம் மெய்யானதே. அது காலந்தாழ்ந்து வந்தமைக்கு அவர் சார்ந்த படையும் பொறுப்பாகும்.