ஆஷ் சொன்னதில் பாதிதான் நமக்கு வந்து சேர்கிறது

போன மாதம் எங்கள் ஆபீசில் மனநலம் பற்றி ஒரு மணி நேரப் பயிற்சி. நடத்தியவர் சாலமன் ஆஷின் கோட்டுப் பரிசோதனையைச் சொன்னார். அறையில் ஏழெட்டுப் பேர். ஒருத்தரைத் தவிர மற்ற எல்லாரும் முன்கூட்டியே பேசி வைத்த ஆட்கள். எந்தக் கோடு சம நீளம் என்று கேட்டால் கூசாமல் தப்பான கோட்டைக் காட்டுவார்கள். அந்த ஒருத்தரும் பல தடவை அதையே சொல்லிவிடுவார். "ஆகவே கூட்டத்தோடு போகாதீர்கள், மனதில் இருப்பதைத் தைரியமாகச் சொல்லுங்கள்" என்று முடித்தார்.

வீட்டுக்கு வந்து, 1955-இல் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் ஆஷ் எழுதிய கட்டுரையைப் படித்தேன். அது சொல்வது வேறு.

123 மாணவர்கள். கூட்டத்தின் அழுத்தத்தில் 36.8 சதவீதப் பதில்கள் தப்பு. அழுத்தம் இல்லையென்றால் ஒரு சதவீதம்கூட இல்லை. வளைந்து கொடுத்தவர்களில் சிலர், கோளாறு தங்களிடம்தான், அதை எப்பாடுபட்டாவது மறைக்கணும் என்று நினைத்தார்களாம். பயிற்சியில் விட்டுப்போனது இதுதான்.

எனக்கு இது புதிதில்லை. சில வருடம் முன்னால் ராத்திரி தூக்கம் போய் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை ரிலீஸ் என்றால் எல்லாரும் "ஓகே" என்பார்கள், நானும் "ஓகே". லீவு கேட்டால் "காய்ச்சல்" என்று எழுதுவேன். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் மருத்துவக் காப்பீட்டில் மனநோயையும் உடல்நோய் போலவே நடத்தச் சொல்கிறது. லீவு மெயிலில் அந்தத் தைரியம் நமக்கு வருவதில்லை.

ஒருநாள் எங்கள் சீனியர் ஒருத்தர் மீட்டிங்கில், "டாக்டர் ராத்திரி வேலை வேண்டாம்னு சொல்லிட்டார், இந்த வாரம் நான் இல்லை" என்றார். உடனே இன்னும் இரண்டு பேர். அப்புறம் நான்.

ஆஷும் இதைச் சோதித்திருக்கிறார். கூட ஒரே ஒருத்தர் உண்மையைச் சொன்னால் தப்புகள் கால்வாசியாகக் குறைந்தன. அந்தத் துணை பாதியில் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டால் தப்புகள் திரும்ப ஏறின. ஏதோ வேலை என்று எழுந்து போய்விட்டால் அந்த அளவுக்கு ஏறவில்லை. அவர் கொடுத்த பலம் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"மனநலம் முக்கியம்" என்று மெயில் போட்டுவிட்டு, விடிய விடிய வேலை பார்த்தவருக்கு அப்ரைசலில் கைதட்டும் மேனேஜர் அந்தக் கட்சி மாறிய துணைதான். அவர் பேசாமலே இருந்திருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. அந்த மாணவர்களுக்கு வீட்டுக் கடன் கிடையாது, அப்ரைசலும் கிடையாது. தப்பாகச் சொன்னாலும் சரியாகச் சொன்னாலும் இழக்க ஒன்றுமில்லை. ஆபீசில் நிலைமை இன்னும் மோசமாகத்தான் இருக்கும். அதனால்தான் முதலில் பேசும் பொறுப்பை அவதிப்படுகிறவர் தலையில் கட்டுவது அநியாயம் என்கிறேன். பேசினாலும் வேலைக்கு ஆபத்தில்லாத ஆள் முதலில் பேசணும்.

இப்போது எங்கள் டீமில் நான்தான் சீனியர். அடுத்த லீவு மெயிலில் "காய்ச்சல்" என்று எழுதப்போவதில்லை.