மணிப்பாட்டும் கட்டணப் பட்டியலும்: ஆபரா குரல்தேர்வு குறித்துச் சில குறிப்புகள்

1

சென்ற மாதம் நண்பர் ஒருவரின் மாடியறையில் ஏழெட்டுப் பேர் கூடி ‘தி ஆடிஷன்’ என்கிற ஆவணப்படத்தைப் பார்த்தோம். சூசன் ஃப்ரோம்கி இயக்கியது. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஆபரா அரங்கு இளம் பாடகர்களுக்காக நடத்தும் போட்டியின் 2007ஆம் ஆண்டு இறுதிச் சுற்றைப் பின்தொடரும் படம். 1954இல் தொடங்கிய போட்டி இது. 2021இல் வேறு பெயர் சூட்டிக்கொண்டு இன்றும் நடக்கிறது. படம் முடிந்ததும் தோழர் ஒருவர் கேட்டார்: “எல்லாம் சரிதான். இதுல நமக்கு என்ன இருக்கு? கூத்துக்காரனுக்கே வழியக் காணோம், ஆபராக்காரனுக்கு என்ன வந்துச்சு?” அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. பதில் இல்லாமல் இல்லை. சொல்வதென்றால் என் அக்கா மகளைப் பற்றிப் பேசியாக வேண்டும், அதற்கு வாய் வரவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் படம்.

படம் நன்றாக எடுக்கப்பட்டிருக்கிறது என்பதில் ஐயமில்லை. அதுதான் சிக்கலும். அலெக் ஷ்ரேடர் என்கிற இளைஞர் டோனிசெட்டியின் தனிப்பாடல் ஒன்றை எடுத்துக்கொள்கிறார். ஒன்பது முறை உச்ச ஸ்தாயியின் ‘சி’யைத் தொட வேண்டிய பாட்டு. தொடுவாரா மாட்டாரா என்று நாமும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுகிறோம். நடுவர்கள் தனியறையில் கூடி ஒவ்வொரு குரலையும் பிரித்துப் பேசுவதையும் காமிரா காட்டுகிறது. எதையும் ஒளிக்கவில்லை பாருங்கள் என்கிற தோரணை. குரல் இருப்பவர் வெல்வார், கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று படம் எங்கும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாமலே நம்ப வைக்கிறது.

தேர்வு என்னும் சடங்கில் பார்வையும் தீர்ப்பும் ஒன்றாகச் சேர்கின்றன என்று ஃபூக்கோ எழுதியதை நாம் நிறையப் பேசியிருக்கிறோம். பள்ளிக்கூடம், மருத்துவமனை, ராணுவம் என்று பட்டியலும் போட்டாயிற்று. ஆனால் குரல்தேர்வில் இன்னொன்றும் நடக்கிறது. மேடைக்கு வருவது ஏற்கனவே செய்துமுடிக்கப்பட்ட ஒரு குரல். ஆபராக் குரல் தொண்டையில் பிறப்பதில்லை. மைக் இல்லாமல் பெரிய வாத்தியக் குழுவைத் தாண்டி ஆயிரக்கணக்கானோர் அமர்ந்திருக்கும் அரங்கின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர வேண்டிய குரல் அது. மூச்சுக்கு, உச்சரிப்புக்கு, இத்தாலியம் ஜெர்மன் பிரெஞ்சு என மொழிகளுக்கு, எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. நடுவர்கள் சில நிமிடங்கள் கேட்கிறார்கள். அந்தப் பத்து ஆண்டுகளுக்கு யார் கூலி கொடுத்தது என்று எந்த நடுவரும் கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பற்றியது.

2

ஐரோப்பியர் இசைப்பள்ளியை ‘கன்சர்வேட்டரி’ என்கிறார்கள். இசைக்கும் அந்தச் சொல்லுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ‘காத்துவைத்தல்’ என்று பொருள். 16ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரில் அநாதைப் பிள்ளைகளைக் காத்துவைத்த விடுதிகளே நாளடைவில் இசைப்பள்ளிகள் ஆயின. அப்படி நான்கு இருந்தன. சோறும் துணியும் பாட்டும் விடுதி கொடுத்தது. பதிலுக்குப் பிள்ளைகள் ஊர்வலங்களிலும் சாவு வீடுகளிலும் பாடி விடுதிக்குச் சம்பாதித்துக் கொடுத்தார்கள். 1770இல் அங்கே போன இசை வரலாற்றாசிரியர் சார்லஸ் பர்னி, ஒரே அறையில் அத்தனை பிள்ளைகளும் ஆளுக்கொரு வாத்தியத்தை ஒரே நேரத்தில் சாதகம் செய்த கூச்சலைப் பதிவு செய்திருக்கிறார்.

அதே விடுதிகளில் குரல் உடையாமலிருக்க விதையறுக்கப்பட்ட சிறுவர்களும் இருந்தார்கள். பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். குளிர் தாக்காத அறை, கொஞ்சம் நல்ல சாப்பாடு என்று அவர்களுக்குத் தனிக் கவனிப்பு. குரல் அத்தனை விலையுயர்ந்த சரக்கு. அவர்களில் ஃபரினெல்லி போல ஒருசிலர் ஐரோப்பிய அரசவைகளை ஆட்டிவைத்தார்கள். மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று ஆபரா வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை.

நம் பக்கத்து பாய்ஸ் கம்பெனிகளை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 1918இல் மதுரையில் தொடங்கிய, சங்கரதாஸ் சுவாமிகள் ஆசிரியராக இருந்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவுக்குள் டி.கே. சண்முகம் நுழைந்தபோது அவருக்கு வயது ஆறு. அங்கும் சோறு, அங்கும் பாட்டு, அங்கும் அடி. மகரக்கட்டு வந்துவிட்டால் ராஜபார்ட் ஸ்திரீபார்ட் எல்லாம் போயிற்று. நேப்பிள்ஸில் குரலைக் காக்க உடலை அறுத்தார்கள். இங்கே குரல் போனதும் பையனை ஓரங்கட்டினார்கள். இரண்டு இடத்திலும் பயிற்சிக்கான செலவை நிறுவனம் ஏற்றது, அதற்கு ஈடாகப் பிள்ளையின் குழந்தைப் பருவத்தை எடுத்துக்கொண்டது.

இன்றைய ஆபராப் பயிற்சி இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியிருக்கிறது. அடியில்லை, அறுப்பில்லை, செலவு முழுக்கப் பயில்பவர் தலையில். கல்லூரிக் கட்டணம், தனி ஆசிரியர், தேர்வுக்கு விண்ணப்பக் கட்டணம், பியானோ வாசிப்பவருக்குக் காசு, ஊர் ஊராகப் போய்வரும் செலவு. கோடைக்காலத்தில் இத்தாலியிலும் ஆஸ்திரியாவிலும் நடக்கும் பல பயிற்சி முகாம்களில் பாடகரே ஆயிரக்கணக்கான டாலர் கட்டி மேடையேற வேண்டும். ‘காசு கொடுத்துப் பாடுவது’ என்று பாடகர்களே இதைக் கசப்போடு குறிப்பிடுகிறார்கள். பெரிய அரங்குகள் உதவித்தொகை கொடுத்து நடத்தும் பயிற்சித் திட்டங்கள் இருக்கின்றன: மெட்டில் 1980 முதல், லண்டன் கோவென்ட் கார்டனில் 2001 முதல். ஆனால் ஒரு கை விரல்களில் எண்ணிவிடுகிற அளவே எடுக்கிறார்கள். அதற்குள் நுழையும் தகுதியை அடைவதற்கே முன்சொன்ன செலவையெல்லாம் செய்திருக்க வேண்டும்.

3

சரி, வென்றவர்களுக்காவது கதவு திறந்ததா?

கிரேஸ் பம்ப்ரி என்கிற கறுப்பினப் பெண், 1954இல், தன் 17ஆம் வயதில், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர வானொலிப் போட்டியில் வென்றார். பரிசின் ஒரு பகுதி உள்ளூர் இசைக் கல்லூரியில் படிப்புதவி. கறுப்பர் என்பதால் கல்லூரி சேர்த்துக்கொள்ளவில்லை. தேர்வு செய்தது ஓர் இடம், சேர்க்க வேண்டியது வேறோர் இடம். குரல் ஜெயித்தது, தோல் தோற்றது. வேறு பல்கலைக்கழகங்களில் படித்து, 1961இல் ஜெர்மனியின் பைராய்த் விழாவில் வாக்னரின் வீனஸாக மேடையேறிய முதல் கறுப்பினப் பாடகி ஆனார் என்பது பிற்பாடு.

இராபர்ட் மெக்ஃபெரின் கதை இன்னும் நுட்பமானது. 1953இல் மெட்டின் வானொலிக் குரல்தேர்வில் வென்றவர். மேடையேறியது 1955 ஜனவரி 27. அதற்கு இருபது நாள் முன்புதான், தன் 57ஆம் வயதில், மேரியன் ஆண்டர்சன் அந்த மேடையில் முதல் கறுப்பினப் பாடகியாக நின்றிருந்தார். 1883இல் திறந்த அரங்கம் அது. மெக்ஃபெரின் மூன்று பருவங்களில் சில பாத்திரங்கள் மட்டும் பாடிவிட்டு வெளியேறினார். 1959இல் ‘போர்கி அண்ட் பெஸ்’ திரைப்படத்தில் சிட்னி பாய்ட்டியர் வாயசைக்க, பாடியது இவர் குரல். முகமில்லாமல் குரல் மட்டும் வாங்கிக்கொள்வது என்பது பின்னணிப் பாட்டில் ஊறிய நமக்கு வியப்பாகக்கூடப் படாது.

அரசு காசு கொடுத்தால் தீர்ந்துவிடுமா? தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் ‘இயோன் குழு’ என்று ஒன்று இருந்தது. கலப்பினத்தவர் என்று நிறவெறி அரசு முத்திரை குத்திய மக்களின் குழு. கூலிக்காரர்களும் ஆலைத் தொழிலாளர்களும் வேலை முடிந்து வந்து, பலர் இசைக் குறியீடு படிக்கத் தெரியாமல் செவிவழியாகவே கற்று, 1956இல் வெர்தியின் ‘லா திராவியாத்தா’வை முழுதாகப் பாடினார்கள். இத்தாலிய மொழியில். அதிலிருந்து வந்த ஜோசப் கேப்ரியல்ஸ் 1971இல் மெட் மேடைவரை போனார். ஆனால் குழு அரசின் பணத்தை ஏற்றது. இனவாரியாகப் பிரித்து உட்கார்த்திய பார்வையாளர் முன் பாடியது. அதனால் சொந்த மக்களில் பெரும்பகுதியே அதைப் புறக்கணித்தது. அவர்களைத் துரோகிகள் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. எனக்கு அது முடியவில்லை. பாடுவதற்கு வேறு மேடை இல்லாதவர்கள் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. கொடுக்கிற கை பதிலுக்கு எதையாவது எடுக்காமல் இருப்பதில்லை என்பது மட்டும் தெரிகிறது.

4

இனி அக்கா மகள்.

எங்கள் ஊர்க் கோயிலில் (சேரிக் கோயில் என்று மேலத்தெரு சபைக்காரர்கள் சொல்வது) நான்கு குரல் பாடகர் குழு உண்டு. டோனிக் சோல்ஃபா பார்த்துப் பாடுவார்கள். ஐந்து கோடும் புள்ளியும் வேண்டாம், ட ர ம ஃப என்று எழுத்தாலேயே சுரம் குறிப்பது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தொழிலாளிகளுக்கும் ஜான் கர்வென் பரப்பிய முறை. மிஷனரிகள் கப்பலேற்றித் தென்னாப்பிரிக்காவுக்கும் திருநெல்வேலிக்கும் கொண்டுவந்தார்கள். அங்கே இனாக் சொன்டோங்கா 1897இல் இயற்றிய பாட்டு, இன்று அந்நாட்டு தேசியகீதத்தின் முதற்பகுதி, இந்தக் குறியீட்டில் எழுதப்பட்டதுதான். அக்கா மகளுக்கு ஏழு வயதிலிருந்து இது தண்ணி பட்ட பாடு.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பெருநகரத்து இசைப்பள்ளி மேற்கத்தியக் குரலிசைக்கு ஆள் எடுத்தது. போனில் பதிவு செய்து அனுப்பினாள். கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். பாடினாள். பத்து நாளில் செய்தி வந்தது: “மாமா, நான் செலக்ட் ஆகிட்டேன்.” அடுத்த நாள் கட்டணப் பட்டியல் வந்தது. வழக்கமான கட்டணம், விடுதி, பியானோவுக்குத் தனி. ஐந்து கோட்டுக் குறியீடு தெரியாததால் முன்னதாக ஓராண்டு அடிப்படைப் படிப்பு, அதற்கும் தனி. அக்காவுடைய மூன்று வருஷ வருமானம். நானும் கேட்டுப் பார்த்தேன். தகுதிக்கு உதவித்தொகை உண்டு, ஆனால் முதலாண்டு முடிந்த பிறகுதானாம். சேரவில்லை.

அந்தப் பத்து நாளில் அவள் யூட்யூபில் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். தெலிப் இசையமைத்த ‘லக்மே’ ஆபராவில் வரும் மணிப்பாட்டு. 1883இல் பாரீசில் அரங்கேறியது. கதை நடப்பது இந்தியாவில். நீலகண்டன் என்கிற பிராமண பூசாரி, தன் மகளோடு பழகிய ஆங்கிலேய அதிகாரியைக் கண்டுபிடிக்க அவளைச் சந்தையில் நிறுத்திப் பாடவைக்கிறான். குரலைக் கேட்டு இரை வெளியே வரும் என்பது திட்டம். அவள் பாடுவது ஒரு பறையர் மகளின் கதை. நிலவொளியில் காட்டில் திரியும் பறையர் பெண், விலங்குகளிடம் சிக்கவிருந்த வழிப்போக்கனைத் தன் மணியோசையால் காப்பாற்றுகிறாள். வந்தவன் விஷ்ணு. (பிரம்மாவின் மகன் விஷ்ணு என்று தலைகீழாக எழுதியிருக்கிறார்கள், போகட்டும்.) அவளை வானுலகுக்கு அழைத்துப்போகிறான்.

உச்ச சொப்ரானோக்கள் தங்கள் தொண்டையின் வித்தையைக் காட்ட உலகெங்கும் குரல்தேர்வுகளில் எடுத்துப் பாடுகிற பாட்டு இது. யோசித்துப் பாருங்கள். நம் சொல் ஒன்று தமிழிலிருந்து கப்பலேறி, ‘பாரியா’ ஆகி, பிரெஞ்சு ஆபராவுக்குள் புகுந்து, ஒவ்வோர் ஆண்டும் எத்தனையோ தேர்வறைகளில் ஒலிக்கிறது. பாட்டுக்குள் இருக்கும் பறையர் மகளை வானுலகமே சேர்த்துக்கொள்கிறது. கட்டணமில்லை.

“மாமா, பாரியான்னா நம்மளா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.

5

அந்தப் பள்ளியின் மீது சாதிக் குற்றம் சுமத்த என்னால் இயலாது. அவர்கள் யாரையும் சாதி கேட்கவில்லை. அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுடைய ஏட்டில் அவள் ‘தேர்வானவர்’. ‘சேராதவர்’ என்கிற கட்டத்தில் காரணம் எழுத இடமிருக்காது. பண்பாட்டு மூலதனம் என்று பூர்தியு சொன்னதை நாம் ரசனை பற்றிய பேச்சாகவே சுருக்கிவிட்டோம். இங்கே அது ரசனையல்ல. நான்கு ஆண்டு சம்பாதிக்காமல் இருக்க முடிகிற வீட்டில் பிறப்பது. குரல்தேர்வின் நியாயம் உண்மையான நியாயம்தான். அதனாலேயே அதற்கு அடுத்த நாள் நடக்கிற வடிகட்டலை அது மறைத்துவிடுகிறது.

வேறு மாதிரி இருக்க முடியாதா என்றால், முடிகிறது. ஜெர்மனியில் பொதுப்பணத்தில் இயங்கும் சுமார் 80 ஆபரா அரங்குகள் இருக்கின்றன. பாடகர்களை மாதச் சம்பளத்தில் வைத்துக்கொள்ளும் வழக்கம் அங்கே இன்னும் சாகவில்லை. அரசு வேலைவாய்ப்புத் துறையின் ஒரு பிரிவே பாடகர்களின் குரலைக் கேட்டு அரங்குகளுக்குப் பரிந்துரைக்கிறது. அதற்குப் பாடகரிடம் கட்டணம் வாங்குவதில்லை. ஆமாம், எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் ஆபரா! அங்கும் தொடக்கச் சம்பளம் சொற்பம், ஒப்பந்தம் புதுப்பிக்காமல் விடுவது சகஜம். சொர்க்கம் என்று சொல்லவில்லை. பாட்டு என்பது வேலை, வேலைக்கு ஆள் தேடுகிற செலவு வேலை கேட்பவருடையதல்ல என்கிற எளிய கருத்து அங்கே நிறுவனமாகியிருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

இனி தோழரின் கேள்விக்கு வருகிறேன். இதில் நமக்கென்ன? நாம் நடத்துகிற நாடகப் பட்டறைகளிலும் தேர்வு உண்டு. போன ஆண்டு பத்து நாள் பட்டறைக்குப் பன்னிரண்டு பேரை எடுத்தோம். தேர்வுக் குழுவில் நானும் இருந்தேன். கட்டணம் வாங்கவில்லை என்று நமக்கு ஒரே பெருமை. முதல் நாள் வந்தவர்கள் எட்டுப் பேர். “ஆர்வமில்லாதவங்க, விடுங்க” என்று சொல்லிவிட்டு மூச்சுப் பயிற்சியை ஆரம்பித்தோம். வராத நான்கு பேரில் மூன்று பேர் தினக்கூலி வேலைக்குப் போகிறவர்கள். பத்து நாள் கூலி போகும் என்பது நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை. என் வீட்டிலேயே ஒருத்தி அப்படி நின்றுபோன பிறகும் எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த பட்டறைக்கு அறிவிப்பு எழுதும்போது, எத்தனை பேர் தேர்வானார்கள் என்பதோடு எத்தனை பேர் வரவில்லை, ஏன் வரவில்லை என்பதையும் வெளியிடுவோம் என்று முன்மொழிகிறேன். பத்து நாள் கூலியை யார் கொடுப்பது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். அந்த நான்கு பேரின் முகவரி என்னிடம் இருக்கிறது.