எத்துப்பல்லுக்கு எந்த வயது?

பால்பற்களும் நிலைப்பற்களும் வாயில் கலந்து நிற்கும் 7 முதல் 10 வயதுக்குள் தாடையின் வளர்ச்சியையும் பல்வரிசையையும் நெறிப்படுத்த முயல்வதே முன்கூட்டிய பல் சீரமைப்பு எனப்படுகிறது. நிலைப்பற்கள் முளைத்தபின், மக்கள் வழக்கில் ‘கிளிப்’ எனப்படும் கம்பி மாட்டும் இரண்டாம் கட்டம் பெரும்பாலும் அதைத் தொடரும். பிள்ளைகளை 7 வயதுக்குள் ஒருமுறை காட்டிவிட வேண்டுமென்று அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கம் கூறுவது பரிசோதனைக்கான வயதேயன்றிச் சிகிச்சைக்கான வயதன்று. இவ்வேறுபாடு விளம்பரங்களில் எளிதில் மறைந்துபோகிறது.

எலும்பு வளரும்போதே திருத்துவது எளிது என்னும் வாதம் சில குறைகளுக்கு முற்றிலும் பொருந்தும். மேல்வரிசைப் பற்கள் கீழ்வரிசைக்கு உட்புறமாக விழும் குறுக்குக்கடியில், குழந்தை தாடையை ஒருபக்கம் ஒதுக்கியே கடிக்கப் பழகிவிடுகிறது. அண்ணத்தின் நடுப்பொருத்து இறுகுமுன் மேல்தாடையை விரித்தால் அது சீராகிறது. கீழ்த்தாடை முந்தி நிற்கும் 7 முதல் 9 வயதுப் பிள்ளைகளிடம் பிரித்தானியாவில் நடந்த ஆய்வொன்றில், மேல்தாடையை முன்னிழுக்கும் முகக்கவசக் கருவி அணிந்தோரில் 36 விழுக்காட்டினருக்கும், அணியாதோரில் 66 விழுக்காட்டினருக்கும் பின்னாளில் தாடை அறுவை தேவைப்படும் என ஆறாண்டுக்குப் பின் மதிப்பிடப்பட்டது.

பெற்றோரை மிகுதியும் கவலைக்குள்ளாக்கும் எத்துப்பல்லில்தான் அவ்வாதம் தடுமாறுகிறது. ஸ்காட்லாந்தின் வில்லியம் கிளார்க் உருவாக்கிய, கீழ்த்தாடையை முன்தள்ளிக் கடிக்கவைக்கும் ‘ட்வின் பிளாக்’ என்னும் இரட்டைத்தட்டுக் கருவியை 8 முதல் 10 வயதுக்குட்பட்ட 174 பிள்ளைகளைக் கொண்டு கெவின் ஓ’பிரையன் குழுவினர் சோதித்தபோது, பற்கள் உள்வாங்கியதும் பிள்ளைகளின் தன்மதிப்பு உயர்ந்ததும் தொடக்கத்தில் உண்மையே. ஆனால் பத்தாண்டு கழித்து நோக்குகையில், பதின்பருவத்தில் ஒரே கட்டமாகச் சிகிச்சை பெற்றோரைவிட அவர்கள் எவ்வகையிலும் மேலாக இல்லை. மருத்துவரிடம் சென்ற தடவைகளும் செலவும் கூடியதோடு, இறுதிக் கடியமைப்பும் சற்றே தாழ்ந்திருந்தது. வட கரோலினா, புளோரிடா பல்கலைக்கழக ஆய்வுகளும் ஏறத்தாழ இதையே காட்டின. கருவி தாடையை நீளச் செய்கிறது என்னும் நம்பிக்கை, இயல்பாக நிகழவிருந்த வளர்ச்சியைக் கருவியின் கணக்கில் எழுதியதால் விளைந்ததே எனலாம்.

ஆயினும் ஒரு பயன் எஞ்சுகிறது. எத்திய முன்பற்கள் விளையாட்டிலும் வீழ்ச்சியிலும் முதலில் அடிபடுபவை. முன்கூட்டிய சிகிச்சை அக்காயங்களைக் குறைப்பதாக, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் திறனாய்வு ஏற்கிறது. உதடு மூடாத அளவுக்குப் பல் எத்தி, ஓடியாடி விழும் பிள்ளைக்கு இது சிறு பயனன்று. பிறருக்கு அதற்காக ஆண்டுக்கணக்கில் கருவி மாட்டுவது மிகை. முதற்கட்டத்திலேயே சலித்துப்போன பிள்ளை, இரண்டாம் கட்டத்தில் ஒத்துழைக்க மறுப்பதும் உண்டு.

இன்னொரு வகைப் பிள்ளைகளுக்குச் சிகிச்சையே வேண்டியதில்லை. 7 வயதையொட்டி மேல் முன்பற்களிடையே தோன்றும் சந்து, 11 அல்லது 12 வயதில் கோரைப்பற்கள் இறங்கியதும் பெரும்பாலும் தானே மூடிக்கொள்கிறது. எனவே, கருவி பரிந்துரைக்கப்படும்போது, இரண்டு மூன்றாண்டு பொறுத்தால் கெடப்போவது எது என்று பெற்றோர் கேட்க வேண்டும். அதற்குத் தெளிவான விடை கிடைக்காத இடத்தில் பொறுத்திருப்பதே முறை.